பழைய இயங்குதளங்களில் உலாவி, பதிவிறக்க மேலாளர் பழுதுநீக்கம்

பழைய இயங்குதளங்களில் உலாவி, பதிவிறக்க மேலாளர் பழுதுநீக்கம் என்பது, தயாரிப்பு நிறுவனத்தின் ஆதரவுக் காலம் முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 7 போன்ற இயங்குதளங்களில் இணையப் பக்கங்கள் திறக்காமல் போவதற்கும், கோப்புகள் பாதியில் நின்றுபோவதற்கும் உரிய காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்யும் முறையாகும். விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7க்கான பொது ஆதரவு 2020 சனவரி 14 அன்றும் முடிவடைந்தன. ஆதரவு முடிந்த நாளில் கணினி நின்றுவிடுவதில்லை. அது அப்படியே இயங்கிக்கொண்டிருக்க, சுற்றியுள்ள இணையம் மட்டும் மாறிக்கொண்டே போகிறது. இந்த இடைவெளியில்தான் பெரும்பாலான கோளாறுகள் பிறக்கின்றன.

பின்னணி

தமிழ்நாட்டில் இத்தகைய கணினிகள் வீடுகளில் நிறைய இருப்பதற்கு ஒரு காரணம், 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டம். எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்து வழங்கிய தொடக்ககால மடிக்கணினிகளில் விண்டோஸ் 7உம், பாஸ் லினக்சும் சேர்த்தே நிறுவப்பட்டிருந்தன. அஸ்தினாபுரம், செம்பாக்கம், சிட்லப்பாக்கம், தாம்பரம் எனத் தென்சென்னைப் புறநகர்களில், அக்கா படித்து முடித்த மடிக்கணினியைத் தம்பி பயன்படுத்துவது வழக்கமான காட்சி. அதே கணினியில்தான் பொறியியல் கலந்தாய்வு விண்ணப்பமும் தேர்வாணைய நுழைவுச்சீட்டும் எடுக்க வேண்டியிருக்கிறது. பக்கம் திறக்கவில்லை என்றால் இழப்பது ஒரு பாட்டையோ படத்தையோ அல்ல, ஓராண்டை.

கடைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் "ஃபார்மட் பண்ணிடலாம்" என்பது. பல நேரங்களில் அது தேவையற்றது. பழைய விண்டோசையே மறுபடியும் நிறுவினால், இடையில் வந்து சேர்ந்திருந்த இற்றைகளும் போய், நிலைமை முன்பைவிட மோசமாகும். கோளாறு எந்த அடுக்கில் இருக்கிறது என்று முதலில் அறிவதே பயன் தரும். கடிகாரமா, சான்றிதழா, குறியாக்க நெறிமுறையா, உலாவியின் பதிப்பா, வட்டா என்று வரிசையாகப் பார்த்தால் அரைமணி நேரத்தில் விடை கிடைத்துவிடும்.

கடிகாரம்

எச்டிடிபிஎஸ் தளங்கள் அனைத்தும் ஒரே நாளில் "உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல" என்று மறுக்கத் தொடங்கினால், முதலில் பார்க்க வேண்டியது திரையின் வலது மூலையில் உள்ள தேதி. ஒவ்வொரு தளமும் காட்டும் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினி 2009ஆம் ஆண்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டால், இந்த ஆண்டு வழங்கப்பட்ட சான்றிதழ் அதற்கு இன்னும் பிறக்காத சான்றிதழாகவே தெரியும்.

தேதி பின்னோக்கிப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் தாய்ப்பலகையில் உள்ள நாணய வடிவ மின்கலம். மேசைக் கணினிகளில் இது பொதுவாக சிஆர்2032 வகை. கைக்கடிகாரக் கடைகளிலும் கிடைக்கும். பழைய மடிக்கணினிகளில் பெரிய மின்கலமும் செயலிழந்து, நேரடி மின்சாரத்தில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் நிலையில், இந்தச் சிறு மின்கலத்தின் மேல் சுமை கூடுகிறது. ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் தேதி மாறினால் மின்கலத்தை மாற்றுவதே தீர்வு. அதுவரை தேதியைக் கையால் திருத்தலாம், அல்லது தேதி நேர அமைப்பில் உள்ள இணைய நேரம் என்னும் தத்தல் வழியாகச் சரிசெய்யலாம். நேர வலயம் இந்தியாவுக்கு உரியதாக உள்ளதா என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது. சில மணி நேர வேறுபாட்டைப் பல தளங்கள் பொறுத்துக்கொள்ளும். உள்நுழைவு அமர்வுகள் பொறுத்துக்கொள்ளாமல் போகலாம்.

சான்றிதழும் குறியாக்கமும்

தேதி சரியாக இருந்தும் சில தளங்கள் மட்டும் மறுத்தால், ஐயம் வேர்ச் சான்றிதழின் மேல் திரும்ப வேண்டும். ஒரு தளத்தின் சான்றிதழை இன்னொரு அமைப்பு உறுதி செய்கிறது. அதை மற்றொன்று உறுதி செய்கிறது. இந்தச் சங்கிலியின் உச்சியில் இருப்பது வேர்ச் சான்றிதழ். அது கணினியில் முன்பே இருந்தால்தான் சங்கிலி நம்பப்படும். விண்டோஸ் இந்தப் பட்டியலைத் தன் இற்றைச் சேவை வழியாகப் புதுப்பித்துக்கொள்கிறது. மாதத்துக்கு இவ்வளவு என்று அளவு வைத்த இணைய இணைப்புகளின் காலத்தில், தரவு வீணாகக் கூடாது என்று பல வீடுகளில் இற்றைகளை அணைத்து வைத்தார்கள். அன்று மிச்சம் பிடித்த தரவுக்கு இன்று இப்படி விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு 2021 செப்டம்பர் 30. உலகெங்கும் எண்ணற்ற தளங்களுக்கு இலவசச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு அதுவரை சார்ந்திருந்த டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்னும் பழைய வேர்ச் சான்றிதழ் அன்று காலாவதியானது. அதன் இடத்துக்கு வந்த ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 சான்றிதழை அறியாத கணினிகளில், முந்தைய நாள் திறந்த தளங்கள் மறுநாள் திறக்கவில்லை.

இதைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. பயர்பாக்ஸ் தனக்கென ஒரு வேர்ச் சான்றிதழ்ப் பட்டியலை வைத்திருக்கிறது. இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் பழைய குரோம் பதிப்புகளும் விண்டோசின் பட்டியலைச் சார்ந்தவை. ஒரே முகவரி பயர்பாக்சில் திறந்து மற்றதில் திறக்கவில்லை என்றால், குறை விண்டோசின் பட்டியலில் இருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். இற்றைச் சேவை இயங்கினால் அதை இயக்கிப் பார்க்கலாம். இல்லையெனில், சான்றிதழ் வழங்கும் அமைப்பின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து வேறொரு நல்ல கணினியில் வேர்ச் சான்றிதழைப் பதிவிறக்கி, நம்பகமான வேர்ச் சான்றிதழ்களின் தொகுப்பில் சேர்க்கலாம். முன்பின் தெரியாத இடத்தில் கிடைக்கும் வேர்ச் சான்றிதழைச் சேர்ப்பது பெரும் ஆபத்து. அதை உருவாக்கியவர் எந்த வங்கித் தளத்தின் பெயரிலும் போலிப் பக்கம் காட்ட முடியும், உலாவி எச்சரிக்காது. காலாவதியான நச்சுநிரல் தடுப்பான்கள் எச்டிடிபிஎஸ் போக்குவரத்தை இடைமறித்துச் சோதிப்பதாலும் இதே பிழை தோன்றும். அந்த ஒரு வசதியை மட்டும் சற்று நேரம் அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்தது டிஎல்எஸ் எனப்படும் குறியாக்க நெறிமுறை. குரோம், பயர்பாக்ஸ், சஃபாரி, எட்ஜ் ஆகியவற்றின் தயாரிப்பாளர்கள், டிஎல்எஸ் 1.0, 1.1 பதிப்புகளை 2020இல் கைவிடப்போவதாக 2018 அக்டோபரில் அறிவித்தார்கள். வழங்கிகளும் அடுத்தடுத்து அவற்றை ஏற்பதை நிறுத்தின. விண்டோஸ் எக்ஸ்பியின் உள்ளமைந்த கூறு டிஎல்எஸ் 1.0உடன் நின்றுவிட்டது. விண்டோஸ் 7இல் டிஎல்எஸ் 1.2 இருக்கிறது, ஆனால் பல இடங்களில் அணைந்த நிலையில் இருக்கிறது. இணைய விருப்பங்களில் மேம்பட்டவை என்னும் பகுதியில் அதைக் குறியிட்டு இயக்கலாம். இதோடு கேபி3140245 என்னும் இற்றையும், அதனுடன் மைக்ரோசாப்ட் கூறியுள்ள பதிவேட்டு மாற்றமும் செய்யப்பட வேண்டும்.

உலாவியில் பக்கம் நன்றாகத் திறக்கிறது, ஆனால் அதே தளத்திலிருந்து பதிவிறக்க மேலாளர் கோப்பை எடுக்க மறுக்கிறது என்னும் புதிருக்கும் விடை பெரும்பாலும் இதுதான். குரோமும் பயர்பாக்சும் குறியாக்கத்துக்கான நிரலைத் தம்முடனே கொண்டுவருகின்றன. பல பதிவிறக்கக் கருவிகள் விண்டோசின் நிரலைச் சார்ந்திருக்கின்றன. மேலாளரை நீக்கி மீண்டும் நிறுவுவதால் இது தீராது. (இந்த இடத்தில் ஒரு குறிப்பு: குரோம்பேட்டைக்கும் குரோம் உலாவிக்கும் தொடர்பில்லை. ஊருக்குப் பெயர் தந்தது அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலை.)

உலாவியின் கடைசிப் பதிப்புகள்

எக்ஸ்பியில் இயங்கிய கடைசிக் குரோம் பதிப்பு 49. கடைசிப் பயர்பாக்ஸ் 52 நீள்ஆதரவுப் பதிப்பு. விண்டோஸ் 7இலும் 8.1இலும் குரோம், எட்ஜ் இரண்டும் 109ஆம் பதிப்போடு நின்றன. 2023 பிப்ரவரியில் வந்த குரோம் 110க்கு விண்டோஸ் 10 தேவை. பயர்பாக்ஸ் 115 நீள்ஆதரவுப் பதிப்புக்கு மட்டும், விண்டோஸ் 7 பயனர்களுக்காக மோசில்லா ஆதரவுக் காலத்தைப் பலமுறை நீட்டித்தது. எனவே விண்டோஸ் 7இல் ஒரே ஓர் உலாவியைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் அது பயர்பாக்ஸ் 115இன் மிகப் பிந்தைய இற்றையாக இருப்பதே நல்லது.

அதிலும் பழைய 115 போதாது. பயர்பாக்சின் நீட்சிகளைச் சரிபார்க்கும் வேர்ச் சான்றிதழ் ஒன்று 2025 மார்ச் 14 அன்று காலாவதியானது. 115.13க்கு முந்தைய நீள்ஆதரவுப் பதிப்புகளில் நீட்சிகள் அந்த நாளுக்குப் பின் செயலிழக்கும் என்று மோசில்லா முன்கூட்டியே எச்சரித்திருந்தது. பதிவிறக்க மேலாளரின் நீட்சி திடீரென மறைந்துபோனவர்கள் முதலில் இந்தப் பதிப்பு எண்ணைப் பார்க்க வேண்டும்.

சான்றிதழ்ப் பிழை எதுவும் இல்லாமல் வெள்ளைத் திரை மட்டும் வந்தாலோ, விண்ணப்பத்தில் சமர்ப்பி என்னும் பொத்தான் அழுத்தியும் அசையாமல் இருந்தாலோ, அந்தத் தளம் புதிய ஜாவாஸ்கிரிப்ட் இலக்கணத்தில் எழுதப்பட்டது, பழைய உலாவிக்கு அது புரியவில்லை என்று கொள்ளலாம். இடைமாற்று நினைவகத்தை அழிப்பது, தனிப்பட்ட சாளரத்தில் திறப்பது, நீட்சிகளை அணைப்பது ஆகிய மூன்றையும் செய்து பார்த்தும் பயனில்லை என்றால் உலாவியை மாற்றியே ஆக வேண்டும். தன்னார்வலர்கள் பராமரிக்கும் சூப்பர்மியம், எக்ஸ்பிக்கான மைபால் போன்ற உலாவிகள் இந்த நிலையில் உதவுகின்றன. சிறு குழுக்களின் உழைப்பான இவற்றைப் படிப்பதற்கும் பார்ப்பதற்கும் பயன்படுத்தலாம். வங்கிக் கணக்குக்குப் பயன்படுத்தாமல் இருப்பது மேல்.

எக்ஸ்பியில் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகவோ, கொம்பும் காலும் இடம் மாறியோ தெரிந்தால் உலாவியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. வட்டார மொழி அமைப்புகளில், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவும் விருப்பத்தைக் குறியிட வேண்டும். இதற்கு எக்ஸ்பி குறுவட்டு கேட்கப்படலாம்.

பதிவிறக்க மேலாளர் இயங்கும் விதம்

பதிவிறக்க மேலாளர் தமிழ்நாட்டு வீடுகளில் பரவியதற்குக் காரணம் வேகம் மட்டுமல்ல. பிஎஸ்என்எல் அகலப்பட்டைத் திட்டங்களில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை அளவில்லாமல் பயன்படுத்தும் சலுகை இருந்த காலத்தில், யாரும் விழித்திருக்காமலே 2 மணிக்குத் தொடங்கி 8 மணிக்கு நிறுத்தும் கால அட்டவணை வசதி பெரிய கொடையாக இருந்தது. மின்வெட்டில் நின்ற பதிவிறக்கத்தை விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி அடுத்தது.

விட்ட இடத்திலிருந்து தொடர்வது வழங்கியின் ஒத்துழைப்பால்தான் முடிகிறது. கோப்பின் குறிப்பிட்ட பைட்டிலிருந்து குறிப்பிட்ட பைட் வரை தருமாறு மேலாளர் கேட்கிறது. வழங்கி 206 என்னும் குறியீட்டுடன் விடையளித்தால் அந்தப் பகுதி மட்டும் வரும். 200 என்று விடையளித்தால் முழுக் கோப்பும் முதலிலிருந்து வருகிறது, அதாவது தொடர முடியாது. ஒரே கோப்பை நான்கு, எட்டு துண்டுகளாக ஒரே நேரத்தில் இறக்குவதும் இதே முறையில்தான். எல்லாக் கோப்புகளும் இடையில் நின்றால் கணினியைப் பார்க்க வேண்டும். ஒரு தளத்தின் கோப்புகள் மட்டும் தொடராமல் போனால் அது அந்த வழங்கியின் இயல்பு.

அடிக்கடி தோன்றும் பதிவிறக்கக் கோளாறுகள்

இணைப்பைச் சொடுக்கினால் மேலாளர் எழுந்திருக்கவில்லை, ஆனால் முகவரியை நகலெடுத்து ஒட்டினால் இறக்குகிறது என்றால், உலாவிக்கும் மேலாளருக்கும் இடையிலான பாலம் மட்டும் அறுந்திருக்கிறது. பழைய மேலாளர்கள் பயன்படுத்திய என்பிஏபிஐ செருகுநிரல் முறையை 2015இல் குரோம் 45 நீக்கியது. 2017 மார்ச்சில் வந்த பயர்பாக்ஸ் 52, ஃபிளாஷ் தவிர்த்த பிற செருகுநிரல்களைக் கைவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் வந்த பயர்பாக்ஸ் 57 பழைய வகை நீட்சிகளை முற்றாக விலக்கியது. பழைய மேலாளரையும் புதிய உலாவியையும் இணைக்கப் போராடுவதைவிட, நகலெடுத்து ஒட்டும் வழக்கத்துக்கு மாறிக்கொள்வது நேரத்தை மிச்சமாக்கும்.

அப்படி ஒட்டும்போது இன்னொரு சிக்கல் வரும். 200 எம்பி இருக்க வேண்டிய கோப்பு சில கேபி அளவிலேயே முடிந்துவிடும். திறந்தால் கோப்பு பழுதானது என்று செய்தி வரும். அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பார்த்தால் உள்ளே உள்நுழைவுப் பக்கத்தின் எச்டிஎம்எல் இருக்கும். உலாவியில் உள்நுழைந்ததற்கான குக்கி மேலாளரிடம் இல்லாததால், வழங்கி அதை அந்நியராகக் கருதி வாசலிலேயே நிறுத்திவிட்டது. பாதியில் 403 பிழை வந்தால், இணைப்புக்குச் சில மணி நேர ஆயுள் மட்டும் தரப்பட்டிருக்கலாம். பக்கத்துக்குத் திரும்பிப் புதிய முகவரி எடுத்து, பழைய பதிவிறக்கத்தின் பண்புகளில் அதை மாற்றினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். துண்டுகளின் எண்ணிக்கை 16, 32 என்று வைத்திருப்பவர்களைச் சில வழங்கிகள் தாக்குதலாகக் கருதித் தடுக்கின்றன. நான்கு போதும்.

பெரிய கோப்பு ஒவ்வொரு முறையும் சரியாக 4 ஜிபியை நெருங்கும்போது நின்றால், வட்டு ஃபேட்32 வடிவில் இருக்கிறது. அந்த வடிவில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவாகவே இருக்க முடியும். எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் பயனில்லை. வட்டை என்டிஎஃப்எஸ் வடிவுக்கு மாற்ற வேண்டும், அதற்கு முன் தரவுகளைப் படியெடுத்துவிட வேண்டும். 99 விழுக்காட்டில் நின்றால் காரணம் வேறு. சில மேலாளர்கள் துண்டுகளைத் தற்காலிகக் கோப்புறையில் வைத்துக் கடைசியில் ஒட்டுகின்றன. அந்த நேரத்தில் கோப்பின் அளவைப் போல இரு மடங்கு இடம் தேவைப்படும். தற்காலிகக் கோப்புறையை இடமுள்ள பகிர்வுக்கு மாற்றினால் போதும்.

எஃப்டிபி முகவரிகளை உலாவிகள் 2021இல் கைவிட்டுவிட்டன. பழைய மென்பொருள் களஞ்சியங்களில் அத்தகைய முகவரி கிடைத்தால், பதிவிறக்க மேலாளரில் ஒட்டினால் இன்றும் இறங்கும். பழைய கருவி புதியதை வெல்லும் அரிய இடம் இது.

நிறுவும்போது தோன்றும் பிழைகள்

இறங்கிய நிரல் "சரியான வின்32 பயன்பாடு அல்ல" என்று மறுத்தால் மூன்றில் ஒன்று நடந்திருக்கிறது: கோப்பு முழுமையாக இறங்கவில்லை, 64 பிட் நிரலை 32 பிட் விண்டோசில் இயக்குகிறார்கள், அல்லது நிரல் புதிய விண்டோசுக்காகவே உருவாக்கப்பட்டது. பெயரில் சிஆர்டி என்னும் எழுத்துகள் கொண்ட டிஎல்எல் கோப்பு காணவில்லை என்று விண்டோஸ் 7இல் செய்தி வந்தால், கேபி2999226 இற்றையை நிறுவ வேண்டும். அந்தக் கோப்பைத் தனியாகத் தரும் தளங்களை நாடக் கூடாது. கையொப்பம் செல்லாது என்று வந்தால், ஷா-2 முறையைப் புரிந்துகொள்ள 2019இல் வெளியான கேபி4490628, கேபி4474419 ஆகிய இரண்டும் தேவை.

இன்டர்நெட் டவுன்லோட் மேனேஜர் கட்டண மென்பொருள். "போலி வரிசை எண்" என்று அது எச்சரிக்கும் கணினிகளில் இருப்பது பூட்டுடைத்த படி. அத்தகைய படிகள் ஓஸ்ட்ஸ் கோப்பைத் திருத்துவதும், கூடவே வேறெதையாவது கொண்டுவருவதும் உண்டு. இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீ டவுன்லோட் மேனேஜர் இருக்கையில் இந்த ஆபத்துக்குத் தேவையே இல்லை.

பழுதுநீக்கத்தின் எல்லை

மேற்சொன்னவை அனைத்தும் பக்கத்தைத் திறக்க உதவும். பாதுகாப்பைத் திருப்பித் தரா. 2017 மே 12 அன்று பரவிய வான்னாக்ரை பணயத் தீநிரல், இற்றை நிறுவப்படாத விண்டோஸ் 7 கணினிகளையே பெருமளவில் தாக்கியது. அப்போது விண்டோஸ் 7க்கு ஆதரவு இருந்தது, இற்றையும் இரண்டு மாதம் முன்பே வெளியாகியிருந்தது. இன்று அந்த இற்றைகளும் வருவதில்லை. ஆகவே கட்டணம் செலுத்துதல், ஆதார் இணைத்தல் போன்றவற்றைக் கைபேசியிலோ, இ-சேவை மையத்திலோ செய்வது பொருத்தம். பொறியியல் கலந்தாய்வுக்கு உதவி மையங்களும் உள்ளன. விண்ணப்பத்தின் கடைசி நாளன்று பழைய மடிக்கணினியைச் சோதித்துப் பார்ப்பது கூடாது.

நிலையான தீர்வு இயங்குதளத்தை மாற்றுவது. இதற்கான பணி இந்தப் பகுதியிலேயே நடந்திருக்கிறது. அஸ்தினாபுரத்தை அடுத்த குரோம்பேட்டையில், அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்ஐடி வளாகத்தில் உள்ள ஏயு-கேபிசி ஆய்வு மையமும், சென்னை சி-டாக் நிறுவனமும் இணைந்து, கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை 2005இல் தொடங்கின. டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸ் அந்த முயற்சியிலிருந்து வந்ததே. இலவச மடிக்கணினியை வாங்கியதும் பலர் முதலில் அழித்த பகிர்வு அதுதான்.

இன்று நிறுவுவதானால் பழைய பாஸ் பதிப்பைத் தேட வேண்டியதில்லை. ஆதரவுள்ள இலகுவான வழங்கல் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். 2 ஜிபி நினைவகத்துக்கு எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்கியூடி திரைச்சூழல் ஏற்றது. செயலி 64 பிட் வகையா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் 2025இல் வெளியான டெபியன் 13இல் 32 பிட் கணினிகளுக்கான நிறுவி இல்லை. நிறுவல் கோப்பை அதே பழைய விண்டோசிலிருந்தே பதிவிறக்க மேலாளர் மூலம் இறக்கலாம். இறக்கியதும் விண்டோஸ் 7இல் உள்ள சர்ட்யூட்டில் கட்டளையால் அதன் ஷா-256 எண்ணைக் கணக்கிட்டு, தளத்தில் தரப்பட்ட எண்ணுடன் ஒப்பிட வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் கோப்பு பழுது. விரலியில் எழுத ரூஃபஸ் கருவியின் 3.22 பதிப்பைப் பயன்படுத்த வேண்டும், 4.0 முதல் அது விண்டோஸ் 7இல் இயங்காது. விரலியிலிருந்தே லினக்சை இயக்கி, வைஃபை, ஒலி, தமிழ் விசைப்பலகை ஆகியவை வேலை செய்கின்றனவா என்று ஒரு நாள் பயன்படுத்திப் பார்த்து, தரவுகளை வேறு வட்டில் படியெடுத்த பின்னரே வன்தட்டில் நிறுவ வேண்டும்.